ஒடித்த குச்சி எதனால் வேர்விடுகிறது?
தங்கச்சிமடம் மல்லிகைப் பதியனை முன்வைத்து

கிளையிலிருந்து வெட்டிய ஒரு சாண் குச்சிக்கு வேர் கிடையாது. ஈரமண்ணில் செருகினால் சில வாரங்களில் அது தனக்கென வேர் உண்டாக்கிக்கொண்டு முழுச்செடி ஆகிவிடுகிறது. முருங்கைப் போத்தும் பூவரசம் போத்தும் நட்டுப் பழகிய நமக்கு இதில் வியப்பு இல்லை. ஆனால் இது ஏன் நடக்கிறது, எல்லாச் செடிக்கும் ஏன் நடப்பதில்லை, ஒரே செடியில் வெட்டிய இரண்டு குச்சிகளில் ஒன்று துளிர்க்க மற்றொன்று ஏன் கருகுகிறது என்ற கேள்விகள் மிகப் பழையவை. கிரேக்கத்தின் தியோபிராஸ்டஸ் கிறிஸ்துவுக்கு முன்பே இதைப் பற்றி எழுதினார். அன்று முதல் இன்றைய மரபணு ஆய்வகம் வரை பதில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பதிலும் முந்தையதைத் திருத்தியிருக்கிறது. எதுவும் கேள்வியை முடித்துவைக்கவில்லை.

இந்தக் கேள்வியை எங்கிருந்தும் கேட்கலாம். ராமேசுவரம் தீவிலிருந்து கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு.

தீவும் பதியனும்

பாம்பனுக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே உள்ள தங்கச்சிமடம், மல்லிகை நாற்றுக்குப் பேர்போன ஊர். தென்னந்தோப்புகளை ஒட்டிய மணற்பாத்திகளில் மல்லிகைக் குச்சிகளை நெருக்கமாக ஊன்றி, வேர்பிடித்ததும் பிடுங்கிக் கட்டுக்கட்டாக வெளியூருக்கு அனுப்புகிறார்கள். நாற்று என்றும் பதியன் என்றும் இதற்குப் பெயர். பாடநூல்களில் பதியம் என்பது கிளையைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டாமலே மண்ணில் அமுக்கி வேர்விடச் செய்யும் வேறொரு முறை. இங்கே பதியன் என்பது வேர்விட்ட குச்சியைக் குறிக்கிறது. இந்தச் சொல் மயக்கத்தை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

குண்டுமல்லி நம் தோட்டங்களில் விதை வைத்துப் பெருகுவதில்லை. ஆகவே வயலில் நிற்கும் ஒவ்வொரு குண்டுமல்லியும் ஏதோ ஒரு செடியின் கிளை. அந்தச் செடியும் அதற்கு முந்தைய ஒன்றின் கிளை. 'ராமநாதபுரம் குண்டுமல்லி' என்று தனிப்பெயர் பெற்ற ரகமும் இப்படிக் கைமாறிக் கைமாறி வந்த குச்சிதான். செடிக்குச் செடி 1.25 மீட்டர் இடைவெளி என்ற பரிந்துரைப்படி ஒரு ஹெக்டேருக்கு 6,400 செடி தேவை. குச்சி வேர்விடுமா என்பது அங்கே தோட்டக்கலை ஆர்வலரின் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. ஒரு குடும்பத்தின் வருமானக் கேள்வி.

பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. சாலைப் பாலம் வந்தது 1988-இல். அதுவரை தீவுக்குள் லாரி வர வழியில்லை. வேரில் ஈரம் காய்வதற்குள் போய்ச் சேர வேண்டிய சரக்குக்கு அந்தச் சாலை எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பழைய பதில்: அது செடியின் இயல்பு

ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த பிருகத் சம்ஹிதையில் மரம் வளர்ப்புக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. விதையால் பெருகுபவை ஒருபுறமிருக்க, தண்டை நட்டே பெருக்க வேண்டியவை என்று அது ஒரு பட்டியல் தருகிறது. பலா, அசோகு, வாழை, நாவல், மாதுளை, திராட்சை ஆகியவற்றோடு அதிமுக்தம் என்னும் பூங்கொடியும் அதில் இருக்கிறது. தண்டில் சாணம் பூசி நட வேண்டும் என்பது அதன் விதி. பின்னாளில் சுரபாலர் எழுதிய விருட்சாயுர்வேதம் இந்த மரபை இன்னும் விரிவாக்கியது. அதன் ஏட்டுப்படி ஆக்ஸ்போர்டு நூலகத்தில் இருந்தது. 1996-இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சில் வந்தது.

இந்த நிலைப்பாட்டின் சாரம் எளிது: சில செடிகள் போத்தில் வரும், சில வராது, அது அவற்றின் பிறவிக் குணம். விளக்கம் என்று இதைச் சொல்ல முடியாது. வகைப்பாடு என்று சொல்லலாம். ஆனால் வகைப்பாட்டைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. பிற்கால உடற்கூறு ஆய்வு இதற்கு ஒரு பகுதியளவு ஆதாரம் தந்திருக்கிறது. சில செடிகளின் தண்டில், வெட்டுவதற்கு முன்பே வேர்முளைகள் உருவாகிப் பட்டைக்குள் உறங்கிக் கிடக்கின்றன. நறுக்கி ஈரத்தில் வைத்ததும் அவை விழித்து வெளியே வருகின்றன. வில்லோ, பாப்லர், ஹைட்ராஞ்சியா ஆகியவற்றோடு மல்லிகைப் பேரினத்தையும் தாவரப் பெருக்க நூல்கள் இந்த வரிசையில் வைக்கின்றன. மல்லிகைக் குச்சியின் கணுவில் வேர் முந்திக்கொண்டு வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இதன் பலவீனமும் வெளிப்படை. ஒரே ரகத்தில், ஒரே பாத்தியில், ஒரே நாளில் நட்ட குச்சிகளில் சில பிழைத்துச் சில கருகுவதை இயல்பு என்ற ஒரு சொல்லால் விளக்க முடியாது. இயல்பு எல்லாக் குச்சிக்கும் பொதுதானே.

உள்ளே இறங்கும் ஒரு பொருள்

1758-இல் பிரான்சின் துஆமெல் துய் மோன்சோ மரங்களின் உடலியல் பற்றிய பெருநூலில், இலையிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் சாறுதான் வேரைப் பிறப்பிக்கிறது என்று கருதினார். 1878-இல் ஜெர்மனியின் ஃபோக்டிங், குச்சியைத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் வேர் அதன் பழைய அடிப்பக்கத்திலும் துளிர் பழைய நுனிப்பக்கத்திலும் வருவதை விரிவாகக் காட்டினார். குச்சிக்குத் தன் தலை எது கால் எது என்று தெரிந்திருக்கிறது. 1880-களில் யூலியஸ் சாக்ஸ், இலையில் உண்டாகி அடிக்கு நகரும் 'வேராக்கும் பொருள்' ஒன்று இருக்க வேண்டும் என்று ஊகித்தார்.

அந்த ஊகத்துக்கு ஆதாரம் கிடைத்த இடம் நமக்கு அந்நியமானதல்ல. ஜாவாத் தீவின் போகோர் தாவரத் தோட்டத்தில் பணியாற்றிய ஃப்ரிட்ஸ் வென்ட், 1929-இல் அகலிஃபா இலையின் சாற்றை எடுத்து அகலிஃபாத் தண்டிலும் பப்பாளித் தண்டிலும் இட்டபோது வேர் உருவாவதைக் கண்டார். அகலிஃபா நம் வீட்டு வேலியோரம் நிற்கும் வண்ண இலைச்செடி, குப்பைமேனிக்கு உறவு. பிறகு செய்திகள் வேகமாக வந்தன. 1934-இல் இன்டோல் அசிட்டிக் அமிலம் என்ற ஆக்சின் (செடியின் வளர்ச்சி ஊக்கி) அடையாளம் காணப்பட்டது. 1935-இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் நிறுவனத்தில் சிம்மர்மனும் வில்காக்ஸனும், ஆய்வகத்தில் தயாரித்த இன்டோல் பியூட்டிரிக் அமிலம் வேரை நன்கு தூண்டுவதைக் காட்டினர். இயற்கை ஆக்சின் வெளிச்சத்திலும் நொதிகளாலும் எளிதில் சிதைந்துவிடும். பியூட்டிரிக் அமிலம் அவ்வளவு எளிதில் சிதையாது. இன்று நாற்றுப்பண்ணைகளில் 'வேர்மருந்து' என்று விற்கும் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது இதுவே.

தொண்ணூறு ஆண்டுகளாக வணிக நாற்றுப்பண்ணைகளை ஆண்டுவரும் பதில் இது. வலுவான பதிலும்கூட. ஆனால் அதற்கு மூன்று குறைகள் உள்ளன. ஆக்சினை எவ்வளவு இட்டாலும் வேர்விடாத மரங்கள் பல உண்டு. ஆகவே ஆக்சினோடு சேர்ந்து வேலை செய்யும் வேறு பொருள் இருக்க வேண்டும் என்று 1933-இலேயே புய்யேனும் வென்ட்டும் கருதி, அதற்கு 'ரைசோகலைன்' என்று பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயருக்குரிய பொருள் தனியாகப் பிரித்தெடுக்கப்படவே இல்லை. இரண்டாவது குறை அளவு பற்றியது: அளவு மீறினால் இதே மருந்து மொட்டு துளிர்ப்பதைத் தடுக்கும், வந்த வேரை நீளவிடாது. மூன்றாவது குறைதான் தங்கச்சிமடத்துக்கு முக்கியம். குண்டுமல்லி போன்ற, எளிதில் வேர்விடும் செடியில் மருந்தின் கூடுதல் பயன் வேரின் எண்ணிக்கையிலும் வேகத்திலும் தெரியலாம். பிழைப்பா சாவா என்பதை அது தீர்மானிப்பதாகச் சொல்வது கடினம். பொடியைத் தொடாமலே தலைமுறைகளாகக் குச்சி வேர்விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

சேமிப்பும் வயதும்

1918-இல் கிரவுஸும் கிரேபிலும் தக்காளியை ஆராய்ந்து, தண்டில் உள்ள மாவுச்சத்துக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான விகிதம் வளர்ச்சியின் போக்கை நிர்ணயிக்கிறது என்றனர். அதிலிருந்து பிறந்தது 'கொழுத்த பச்சைக் குச்சி அழுகும், திரண்ட குச்சி வேர்விடும்' என்ற வழக்கறிவின் அறிவியல் வடிவம். யூரியா இட்டுத் தளதளவென வளர்ந்த கொப்பை வெட்டக் கூடாது என்று அனுபவசாலிகள் சொல்வதும் இதையே. ஆனால் விகிதம் சரியாக இருந்தும் வேர்விடாத குச்சிகளைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. சேமிப்பு வேரை வளர்க்கும். வேரைத் தொடங்கி வைப்பது வேறொன்று என்பதே இன்றைய பொதுக்கருத்து.

வயதுக் கோட்பாடு இதைவிட ஆழமானது. 1929-இல் கார்ட்னர், ஓராண்டு ஆப்பிள் நாற்றின் குச்சி எளிதில் வேர்விடுவதையும், வயதேற ஏற அந்தத் திறன் சரிவதையும் காட்டினார். பல மரங்களில் இது உறுதிப்பட்டிருக்கிறது. முதிர்ந்த தண்டின் பட்டைக்குள் கெட்டியான நார் வளையம் ஒன்று வேரை வெளியே விடாமல் தடுக்கிறது என்றும் சிலர் வாதிட்டார்கள். 1960-களில் ஆலிவ் மரத்தில் செய்த ஆய்வுகள் அந்த வாதத்தைத் தளர்த்தின: வேர் தொடங்கிவிட்டால் வளையத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது, தொடங்காததே சிக்கல்.

குண்டுமல்லி இந்த வயதுக் கோட்பாட்டுக்கு ஒரு நல்ல சோதனை. விதையின் வழி ஒருபோதும் புதுப்பிறவி எடுக்காத செடி இது. வம்சத்தின் வயதைக் கணக்கிட்டால் ராமநாதபுரம் குண்டுமல்லி மிகக் கிழடு. ஆனாலும் குச்சி வேர்விடுகிறது. அப்படியானால் கணக்கில் எடுக்க வேண்டியது வம்சத்தின் வயது அல்ல. அந்தக் குறிப்பிட்ட கொப்பின் வயது. நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்யும்படி பரிந்துரைக்கிறார்கள். அது பூவுக்காகச் சொல்லப்படுவது. ஆனால் அடிப்பகுதியிலிருந்து கிளம்பும் புதுக்கொப்பு இளமைத் தன்மை கொண்டது என்பதால், அதே கவாத்து நாற்றுக்கும் பயன்படக்கூடும். தாய்ச்செடியை வெட்டி வெட்டி இளமையாக வைத்திருப்பது குச்சிக்கு இடும் எந்த மருந்தையும் விடப் பயனுள்ளதாக இருக்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் சார்பு.

வெட்டுக்காயம்

பூப்பறித்து முடிந்த கொப்பில் பென்சிலைவிட மெல்லிய, பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கும் பகுதி நல்ல குச்சி. மூன்று நான்கு கணு. அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே. கீழ் இலைகள் களைந்து, மேலே ஒரு ஜோடி மட்டும். நட்டுச் சில நாளில் உருவிப் பார்த்தால் வெட்டுவாயில் பச்சரிசிக் குருணை ஒட்டியது போன்ற வெள்ளைத் திரட்டு தெரியும். இதை வேரின் தொடக்கம் என்று பலர் நம்புகிறார்கள். கேலஸ் எனப்படும் இது காயத்தை மூடும் திசு. வேர் பெரும்பாலும் இதிலிருந்து வருவதில்லை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள கேம்பியம் அடுக்கை ஒட்டிய செல்களிலிருந்து, பட்டையைப் பக்கவாட்டில் பிளந்துகொண்டு வருகிறது. கேலஸ் உருண்டு திரண்டும் ஒரு வேர்கூட வராத குச்சி உண்டு. இரண்டும் ஒரே சூழலில் உண்டாவதால்தான் ஒன்றை மற்றதன் காரணமாக எண்ணுகிறோம்.

காயத்துக்கு வேறொரு பங்கு இருக்கிறது. அது தெரியவந்த வரலாறு மல்லிகையைத் தொட்டே செல்கிறது. 1962-இல் சாதிமல்லி எண்ணெயிலிருந்து ஒரு மணப்பொருளைப் பிரித்தெடுத்து மெத்தில் ஜாஸ்மொனேட் என்று பெயரிட்டார்கள். மல்லிகையின் பெயரையே தாங்கிய இந்தக் குடும்பப் பொருள்கள் ஏறத்தாழ எல்லாச் செடியிலும் காயம்பட்டவுடன் சுரப்பவை என்பது பின்னரே தெரிந்தது. அராபிடாப்சிஸ் என்ற, கடுகுக் குடும்பத்து ஆய்வகச் செடியின் இலையில் சீன விஞ்ஞானிகள் 2010-களில் செய்த ஆய்வுகள் நிகழ்ச்சியின் வரிசையைக் காட்டின. வெட்டுப்பட்டதும் ஜாஸ்மொனேட் ஏறுகிறது. அது ஆக்சின் உற்பத்தியைத் தூண்டுகிறது. ஆக்சின் வெட்டுவாய்க்கு அருகே குவிகிறது. அங்கே சில செல்களில் வேராக மாறுவதற்கான மரபணு விழிக்கிறது. அப்படியானால் கத்தியே முதல் மருந்து.

ஆனால் அதே செடியில், வேறொரு உறுப்பில் நடந்த வேறு ஆய்வுகள் ஜாஸ்மொனேட் வேரைத் தடுப்பதாகக் காட்டுகின்றன. முதல் சில மணி நேரத்தில் தூண்டுகோலாகவும், நீடித்தால் தடையாகவும் அது இருக்கலாம் என்பது இரண்டையும் இணைக்க முயலும் விளக்கம். மல்லிகைக் குச்சியிலும் இதே கதைதான் என்று இப்போதே சொல்லிவிடுவது அவசரம்; கடுகுக் குடும்பத்தின் இலைக்கும் மல்லிகையின் கட்டைத்தண்டுக்கும் தொலைவு அதிகம்.

கைமருந்துகள்

கற்றாழைச் சாறு, தேன், இளநீர், சாணிப்பால் ஆகியவற்றில் குச்சியை நனைத்து நடும் பழக்கம் பரவலானது. இவற்றைச் சேர்த்துப் புகழ்வதும் சேர்த்து ஒதுக்குவதும் சரியாகாது. சாணத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள் ஆக்சினை உண்டாக்கக்கூடியவை. வெட்டுவாயை மூடி ஈரம் காக்கும் பயனும் அதற்கு உண்டு. வராகமிகிரரின் விதிக்கு இப்படி ஒரு நியாயம் சொல்லலாம். இளநீரின் நிலை வேறு. அதில் சைட்டோகைனின் வகைப் பொருள்கள் உள்ளன. அவை துளிருக்கு நல்லவை, வேர் தொடங்கும் கட்டத்தில் பெரும்பாலும் எதிரானவை. வளர்பிறையில் நட்டால் வேர் விரைவில் வரும் என்ற நம்பிக்கைக்கு உறுதியான ஆதாரம் இல்லை.

மணலும் அடிநீரும்

இதுவரை பார்த்த பதில்கள் எல்லாம் குச்சிக்குள்ளேயே தேடின. தீவில் இருப்பவர்களைக் கேட்டால் மண்ணைக் காட்டுவார்கள். அந்தப் பதிலுக்கு ஆய்வு நூல்களில் தரப்பட்டிருக்கும் இடத்தை விடக் கூடுதல் இடம் தர வேண்டும் என்று தோன்றுகிறது.

வேரில்லாத குச்சிக்கு ஒரே நேரத்தில் இரண்டு முரணான தேவைகள்: வெட்டுவாய் காயக் கூடாது, வெட்டுவாய்க்கு மூச்சு முட்டவும் கூடாது. களிமண் முதலாவதைத் தரும், இரண்டாவதைக் கெடுக்கும். தங்கச்சிமடத்து மணல் தண்ணீரைப் பிடித்துவைப்பதில்லை. பரல்களுக்கு நடுவே காற்று எப்போதும் உண்டு. அழுகல் கிருமிகளுக்கு உணவாகும் மக்குப் பொருளும் அதில் குறைவு. ஈரத்தை அடிக்கடி நீர் தெளித்து ஈடுகட்ட வேண்டும். அதற்குரிய நல்ல தண்ணீர், கடல் சூழ்ந்த இந்த மேட்டின் அடியிலேயே கிடக்கிறது. மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய வில்லை போல மிதக்கிறது. தங்கச்சிமடத்தை அடுத்த வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள் இருக்கும் கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதோடு கடற்காற்றின் ஈரப்பதம் இலை வாடுவதைக் குறைக்கிறது. தென்னை ஓலையின் ஓடும் நிழல் வெயிலைத் தணிக்கிறது. பெரிய நாற்றுப்பண்ணைகள் நிழல்வலையும் பனிபோல் நீர் தெளிக்கும் கூடாரமும் அமைத்துச் செயற்கையாக உண்டாக்கும் சூழலுக்கு இது நெருங்கி வருகிறது.

இந்த நிலைப்பாட்டுக்கும் எதிர்வாதம் உண்டு. மணலும் கடற்காற்றும் தனுஷ்கோடி முதல் தூத்துக்குடி வரை இருக்கின்றன. பதியன் தொழில் இந்த ஊரில்தான் இப்படி வேரூன்றியது. ஆகவே மண் தேவையான காரணமாக இருக்கலாம். போதுமான காரணம் ஆகாது. எந்தக் கொப்பை எடுப்பது, எத்தனை நாள் நீர் தெளிப்பது, எப்போது பிடுங்குவது என்ற கைப்பழக்கத்தை மண்ணின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

மணலுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. வேர்முடிச்சு நூற்புழு மணற்பாங்கான மண்ணை விரும்புவது. மல்லிகை அதற்கு இரையாகும் செடி. நாற்றங்காலில் அது ஒருமுறை புகுந்துவிட்டால், வேர்விட்ட ஒவ்வொரு பதியனோடும் பயணம் செய்து, வாங்கியவரின் வயலில் குடியேறும். நிலத்தடி நீரிலும் கவலை உண்டு. இத்தகைய கடலோர மணலில் நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், அடியிலுள்ள உப்புநீர் எல்லை ஏறத்தாழ நாற்பது மீட்டர் மேலேறக்கூடும் என்பது நீரியலின் பழைய கணக்கு. மெல்லிய வில்லையில் அந்தக் கணக்குக்கே இடமில்லை. இறைப்பு மிகுந்தால் கிணறு நேராக உப்பாகிவிடும். உப்புநீரில் குச்சி வேர்விடாது.

மதுரைக்குப் போகும் குச்சி

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தங்கச்சிமடத்துப் பதியன் மதுரை வட்டாரத்து வயல்களுக்கும் போகிறது. அப்படியானால் மணம் யாருடையது? குச்சிவழிப் பெருக்கம் தாயின் நகலையே தரும் என்பதால் ரகம் தீவினுடையது எனலாம். மொட்டின் தடிமனும் மணமும் மண், நீர், பருவம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும் என்பதால் பூ மதுரையினுடையது எனலாம். புவிசார் குறியீடு இரண்டாவதை ஏற்கிறது. நாற்றுக்காரர் முதலாவதை நம்புகிறார். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஆனால் பூவுக்குக் கிடைத்த மதிப்பில் குச்சிக்கும் ஒரு பங்கு உண்டு என்று வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும்.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

ஆக்சின் இல்லாமல் வேர் தொடங்காது என்பது ஏறத்தாழத் தீர்ந்த செய்தி. வெட்டுக்காயமே முதல் செய்தியை அனுப்புகிறது என்பது நன்கு நிறுவப்பட்டு வருகிறது. கேலஸ் வேரின் தாய் அல்ல என்பதும் மல்லிகை போன்ற செடிகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும்.

தங்கச்சிமடத்தின் வெற்றியில் ரகம், மணல், கை ஆகிய மூன்றின் பங்கும் எவ்வளவு என்பது திறந்தே இருக்கிறது. பிரித்துப் பார்க்கும் வழி கடினமானது அல்ல. ஒரே தாய்ச்செடிகளின் குச்சிகளைத் தீவின் மணலிலும் உள்நாட்டுச் செம்மண்ணிலும் ஒரே நாளில், ஒரே ஆட்களைக் கொண்டு நட வேண்டும். கவாத்து செய்த தாயின் குச்சி, செய்யாத தாயின் குச்சி, மருந்திட்டது, இடாதது என்று பிரித்து எண்ண வேண்டும். இத்தகைய சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு பருவப் பொறுமையும், நாற்றுக்காரரைக் கூட்டாளியாக ஏற்கும் மனமும் போதும். தாய்ச்செடிகளை நூற்புழு இல்லாத தனித்தோட்டமாகப் பேணுவது அதைவிட அவசரம். வம்சம் முழுவதும் ஒரே நகலாக இருக்கும் பயிரில் ஒரு நோய் எல்லாச் செடிக்கும் நோய்.

அதுவரை பதியன் வாங்குவோர் ஒன்றைச் செய்யலாம். கட்டிலிருந்து இரண்டு மூன்றை உருவி வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். கணுவின் ஒரு பக்கம் மட்டும் இல்லாமல் சுற்றிலும் வேர் இறங்கியிருக்க வேண்டும். வேர் வெளுத்திருக்க வேண்டும். நெருடிப் பார்த்தால் கடுகு போன்ற முடிச்சு தட்டக் கூடாது. தட்டினால் அந்தக் கட்டை வாங்காதீர்கள்.